கழுத்தில் வளையம் இல்லாத கிளி

குளச்சலுக்குச் செல்லும் வரலாற்று ஆர்வலர்கள் பெரும்பாலும் ஒரு தூணைக் காணவே செல்கிறார்கள். 1741 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10 ஆம் நாள், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை அந்தக் கரையில் வென்றதன் நினைவாக நிற்கும் தூண் அது. எங்கள் குழுவும் அதற்காகவே சென்றது. தூணைப் பார்த்துக் குறிப்புகள் எடுத்துக்கொண்டு, அன்று சிறைப்பட்டுப் பின்னர் திருவிதாங்கூரின் படைத்தலைவராகவே உயர்ந்த டிலனாயின் கல்லறையைக் காண உதயகிரிக் கோட்டைக்குக் கிளம்பினோம். வழியில் குடிக்கத் தண்ணீர் கேட்டு ஒரு வீட்டின் முன் நின்றோம். திண்ணையில் ஒரு கூண்டு தொங்கியது. அதற்குள் ஒரு பச்சைக்கிளி.

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த மூதாட்டி, நாங்கள் கையில் புத்தகமும் குறிப்பேடுமாக நிற்பதைக் கண்டு, படித்தவர்கள் என்ற நம்பிக்கையில் ஒரு கேள்வி கேட்டார்.

"மக்களே, இது நல்ல கிளிதானா? கழுத்துல வளையம் இல்ல பாத்தியளா. கீழ்ச்சுண்டு கறுப்பா இருக்கு. கால் விரல் ரெண்டு பின்னால திரும்பிக் கெடக்கு. சுண்டுல தோலு உரியுது. சீக்குக் கிளியக் குடுத்து எம் பேரன ஏமாத்திப்போட்டான்னு எல்லாரும் சொல்லுதாவ."

எங்களுக்குச் சங்க இலக்கியத்தில் கிளி வரும் இடங்கள் தெரியும். ஆண்டாளின் கிளி தெரியும், மீனாட்சியின் கிளி தெரியும். கண்ணெதிரே கூண்டில் இருந்த கிளி நலமாக இருக்கிறதா என்பது மட்டும் தெரியவில்லை. "பார்த்துச் சொல்கிறோம் அம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம். அந்த வாக்கைக் காப்பாற்றுவதற்காகத் தேடிப் படித்தவற்றின் தொகுப்பே இக்கட்டுரை. ஒரு கிளி எப்படி இருக்க வேண்டும் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்குவோம்.

சங்கப் பாடல்களின் கிளி

ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய குறிஞ்சிப் பகுதியில் 'கிள்ளைப் பத்து' என்றே ஒரு பத்து உண்டு. தினைப்புனத்தில் கதிர் கொய்ய வரும் கிளிகளை ஓட்டுவதற்காகத் தலைவி பரணில் அமர்த்தப்படுகிறாள். அந்தக் காவலே காதலுக்கு வாய்ப்பாகிறது. விளைச்சலுக்குப் பகையான பறவை, காதலுக்குத் துணையான பறவையாகவும் ஆகிவிடும் விந்தை குறிஞ்சித் திணையில் திரும்பத் திரும்ப நிகழ்கிறது. மூவேந்தர் பறம்பு மலையை முற்றுகையிட்டபோது, பழக்கப்பட்ட கிளிகள் வெளியிலிருந்து நெற்கதிர்களைக் கொண்டுவந்து உதவின என்ற செய்தி அகநானூற்றில் இருக்கிறது. கிளியைப் பழக்கும் வழக்கம் அக்காலத்திலேயே இருந்தது என்பதற்கு அது சான்று.

சங்கப் புலவர்கள் கிளியின் உருவத்தைக் குறிக்கக் கையாண்ட அடைமொழிகள் சிலவே. பசுமை, சிவந்த வாய், வளைந்த அலகு, கழுத்தில் செந்நிற மாலை. இந்தக் கடைசி அடையாளத்தைத்தான் 'செந்தார்' என்றார்கள். தார் என்றால் மாலை. இன்று பறவையியல் நூல்களைத் தமிழில் எழுதுவோர் 'செந்தார்ப் பைங்கிளி' என்ற பழம்பெயரையே இந்தப் பறவைக்கு மீட்டெடுத்திருக்கிறார்கள். பொருத்தமான பெயர். ஆனால் அந்தப் பெயருக்குள் ஒரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. அதைப் பிறகு காண்போம்.

கடல் கடந்தோர் கண்ட கிளி

கிளியை முதன்முதலில் எழுத்தில் விவரித்த கிரேக்கர், பாரசீக அரசவையில் மருத்துவராக இருந்த தெசியாசு. கி.மு. 400ஐ ஒட்டிய காலத்தவர். அவர் இந்தியாவுக்கு வந்தவரல்லர். ஆயினும் இந்தியாவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அது இன்று முழுமையாக இல்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் போட்டியசு எழுதிவைத்த சுருக்கமே கிடைக்கிறது. அதில் ஒரு பேசும் பறவை வருகிறது. பருந்தளவு உடல், செம்மை படர்ந்த முகம், கறுத்த தாடி, சிவந்த கழுத்து. அது இந்தியரின் மொழியைப் பேசும், கிரேக்கம் கற்பித்தால் கிரேக்கமும் பேசும் என்கிறார். வண்ணங்களை வைத்து இதைச் செந்தலைக் கிளியின் ஆண் என்று கருதுவோர் பலர்.

அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவரான நியார்க்கசு, கிளியைப் பெரும் அதிசயமாக எழுதினார். சுமார் நான்கரை நூற்றாண்டுகள் கழித்து அவர் குறிப்புகளை எடுத்தாண்ட அர்ரியன், தாமே பல கிளிகளைக் கண்டிருப்பதால் அதை விரித்துரைக்கப் போவதில்லை என்று சொல்லிக் கடந்துவிடுகிறார். அந்த இடைவெளியில் இந்தியக் கிளி உரோமானிய உலகில் பழகிய பொருளாகிவிட்டது. கி.பி. முதல் நூற்றாண்டின் பிளினி, இந்தியா அனுப்பும் இப்பறவை உடல் முழுவதும் பச்சை என்றும், கழுத்தில் மட்டும் செந்நிற வளையம் உடையது என்றும் எழுதினார். பேசக் கற்பிக்கும்போது அதன் தலையில் இரும்புக் கோலால் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு உறைக்காது என்றும் அவர் சேர்த்துச் சொல்கிறார். கிளியின் உருவத்தைச் சரியாகக் கண்டவர்கள் அதன் வலியைக் காணவில்லை.

இங்கே ஓர் ஒற்றுமை கவனிக்கத் தக்கது. குறிஞ்சி நிலத்துப் புலவரும் உரோம நகரத்து அறிஞரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே அடையாளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கழுத்து வளையம் இருந்தால் கிளி என்பதே அது.

கோயிலில் செய்யும் கிளி

தமிழர் மனத்தில் கிளியின் உருவம் நிலைபெற்றதற்குக் கோயில்களும் காரணம். மதுரை மீனாட்சியின் கையில் கிளி. அக்கோயிலில் கிளிக்கூட்டு மண்டபம் என்று ஒரு மண்டபமே இருக்கிறது. முற்காலத்தில் அங்கே கிளிகள் வளர்க்கப்பட்டன. திருவண்ணாமலையில் அருணகிரிநாதர் கிளியுருக் கொண்டதாகச் சொல்லும் மரபின் நினைவாகக் கிளி கோபுரம் நிற்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் அழகர் மீது கிள்ளைவிடு தூது பாடினார்.

இவை எல்லாவற்றிலும் எங்களை மிகவும் கவர்ந்தது திருவில்லிபுத்தூர்க் கிளி. ஆண்டாளின் கையில் வைப்பதற்காக நாள்தோறும் புதிதாக ஒரு கிளி செய்யப்படுகிறது. அலகுக்கு மாதுளம்பூ, உடலுக்கு மரவள்ளி இலை, இறக்கைக்கு நந்தியாவட்டை இலையும் பனையோலையும், வாலுக்கு அரளி மொட்டுகள், கண்ணுக்குக் காக்காய்ப்பொன், எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டுவதற்கு வாழைநார். கிளியின் ஒவ்வொரு உறுப்பையும் உற்றுப் பார்த்த ஒருவரால்தான் அதற்கு நிகரான இலையையும் பூவையும் தேர்ந்திருக்க முடியும். மாதுளம்பூவின் செம்மையும் வளைவும் கிளியின் மேல் அலகுக்கு அத்தனை பொருத்தம்.

குளச்சல் பகுதிக்கு இன்னொரு மரபும் உண்டு. 1956 நவம்பர் 1 ஆம் நாள் வரை அது திருவிதாங்கூரின் பகுதியாகவும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதியாகவும் இருந்த மண். எழுத்தச்சனின் இராமாயணம் கிளி சொல்லும் கதையாகவே அமைந்தது. கிளிப்பாட்டு என்றே அவ்வகைக்குப் பெயர். நம் சங்க இலக்கியத்தின் 'தத்தை' என்ற சொல் மலையாளத்தில் அன்றாடப் பேச்சில் இன்றும் வாழ்கிறது. இரு மொழிகளின் கிளிகளும் வந்து அமரும் கிளை என்று அந்த ஊரைச் சொல்லலாம்.

பெயரிட்டவர்கள்

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் உயிரினங்களுக்கு இலத்தீன் பெயர் சூட்டத் தொடங்கியபோது, வளையக் கிளிக்கு 1769 இல் இசுக்கோப்போலி என்ற அறிஞர் பெயரிட்டார். கிராமர் என்ற ஆசுத்திரிய இயற்கையியலாளரின் நினைவாக 'கிராமேரி' என்பது அதன் சிற்றினப் பெயராயிற்று. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் கிளையினத்துக்கு வந்த பெயர் 'மணிலென்சிசு'. மணிலா நகரத்துப் பறவை என்று பொருள். நம் ஊர்க் கிளிக்கும் பிலிப்பைன்சு நாட்டு மணிலாவுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. யாரோ செய்த பிழை பெயராக நிலைத்துவிட்டது.

திருவிதாங்கூர்ப் பறவைகளைப் பற்றிப் பெர்குசனும் போர்டில்லனும் 1903, 1904 ஆம் ஆண்டுகளில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் எழுதினார்கள். 1933 இல் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சி அரசுகளின் பகுதிகளில் பறவைக் கணக்கெடுப்பு நடத்தினார். 1953 இல் அது நூலாக வந்தது. அளந்து, எடை பார்த்து, ஆணையும் பெண்ணையும் குஞ்சையும் தனித்தனியே குறிக்கும் பழக்கம் இத்தகைய நூல்களால்தான் நமக்கு வந்தது. அந்த மூதாட்டியின் கேள்விக்கான விடை கவிதையில் இல்லை, இந்த வகைக் குறிப்புகளில்தான் இருந்தது.

நான்கு ஐயங்களும் விடைகளும்

முதல் ஐயம் கழுத்து வளையம். கறுப்பும் செந்நிறமும் கலந்த அந்த வளையம் வளர்ந்த ஆண் கிளிக்கு மட்டுமே உரியது. பெண் கிளிக்கு அது வாழ்நாள் முழுவதும் வராது; உற்றுப் பார்த்தால் கழுத்தில் மங்கிய மரகதச் சாயல் மட்டும் தெரியலாம். ஆண் குஞ்சுக்கும் உடனே வந்துவிடாது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு முதல் மூன்று ஆண்டு வரை ஆகும். ஆகவே வளையம் இல்லாத கிளி ஒன்று பெண்ணாக இருக்க வேண்டும், அல்லது இளையதாக இருக்க வேண்டும். நோய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. மேலே சொன்ன சிக்கல் இதுதான். செந்தார்க் கிளி என்று நம் புலவர்களும் செவ்வளையப் பறவை என்று பிளினியும் பாடியதும் எழுதியதும் வளர்ந்த ஆணை மட்டுமே. இனத்தில் பாதி அந்த அடையாளத்துக்கு வெளியே நிற்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளாக ஆணையே அளவுகோலாக வைத்துப் பழகிய கண்ணுக்குப் பெண் குறையுள்ளதாகத் தெரிகிறது. கிளியின் கதையில் மட்டும்தான் இப்படி நேர்ந்தது என்று நம்மால் சொல்ல முடியுமா?

இரண்டாவது, கறுத்த கீழலகு. வட இந்தியக் கிளையினத்தின் கீழலகு பெரும்பாலும் சிவந்திருக்கும். தென்னகக் கிளையினத்தின் மேலலகு சிவப்பு, கீழலகு கருமை. அதாவது அந்த மூதாட்டி குறையென்று நினைத்தது அந்தக் கிளி நம் மண்ணைச் சேர்ந்தது என்பதற்கான அடையாளம். குமரி மாவட்டத்தின் மலைக்காடுகளில் வாழும் நீல இறக்கைக் கிளியிலோ பெண்ணின் அலகு முழுவதுமே கருமை. அந்த இனம் உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழ்வது.

மூன்றாவது, பின்னால் திரும்பிய விரல்கள். கிளியினம் அனைத்துக்கும் இரண்டு விரல் முன்னும் இரண்டு விரல் பின்னுமாகவே அமைந்திருக்கும். காக்கைக்கும் கோழிக்கும் மூன்று முன், ஒன்று பின். அவற்றைப் பார்த்துப் பழகியவர்களுக்குக் கிளியின் கால் முறுக்கிக்கொண்டது போலத் தோன்றும். அந்த அமைப்பால்தான் கிளி பழத்தைக் கையில் பிடிப்பதுபோல் காலில் பிடித்து உண்கிறது.

நான்காவது, அலகில் தோல் உரிவது. அலகு நம் நகத்தைப் போல வளர்ந்துகொண்டே இருப்பது. மேற்புறத்தில் மெல்லிய செதில்கள் உதிர்வது இயல்பு. இறகு உதிர்த்துப் புதிது முளைக்கும் காலத்தில் தலையிலும் கழுத்திலும் வெண்ணிற முட்கள் போன்ற உறைகள் தெரியும். அவை உடைந்து பொடியாக விழும். அதுவும் இயல்பே. மேலலகு மண்டையோட்டில் கீல் போலப் பொருந்தி அசைவதும், மகிழ்ச்சியிலோ சினத்திலோ கண்மணி சட்டென்று சுருங்கி விரிவதும் கிளிக்கு உரியவையே. இளங்கிளியின் கண் கருமையாக இருக்கும், வயது ஏறும்போது கருமணியைச் சுற்றி வெளிர்மஞ்சள் வட்டம் தோன்றும்.

கிளியின் பச்சையைப் பற்றியும் ஒரு சொல். அதன் இறகில் பச்சை நிறமி என்று ஒன்றே இல்லை. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடித்து நீலமாகக் காட்டுகிறது. அதன்மேல் கிளியினம் தன் உடலிலேயே உண்டாக்கும் மஞ்சள் நிறமி சேர்கிறது. இரண்டும் கலந்து நம் கண்ணுக்குப் பச்சை. மஞ்சளை இழந்து பிறக்கும் கிளி நீலமாகவும், கருநிறமியை இழந்து பிறக்கும் கிளி மஞ்சளாகவும் இருப்பது இதனால்தான். சந்தையில் சில நேரம் வேறு தந்திரமும் நடக்கும். முனியா போன்ற சிறு பறவைகளுக்குப் பச்சைச் சாயம் பூசுவார்கள். சாதாரணக் கிளிக்குஞ்சின் தோளில் சிவப்பைத் தடவி, பெரிய பச்சைக்கிளி என்று கூடுதல் விலைக்கு விற்பார்கள். இயல்பான உருவத்தை அறியாதவரிடம்தான் இந்தச் சாயம் செல்லுபடியாகும்.

எது நோய்?

உண்மையான நோய்க்குறிகள் வேறு. பகலிலும் இறகுகளை உப்பலாக விரித்து, கண்ணை மூடி, ஒடுங்கி அமர்ந்திருப்பது. மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் அசைவது. மூக்குத் துளையில் நீர் வடிவது. எச்சத்தின் நிறமும் தன்மையும் மாறி அப்படியே நீடிப்பது. நெஞ்செலும்பு கத்தி முனைபோலத் துருத்துவது. அலகு கட்டுக்கடங்காமல் நீண்டு வளைவது கல்லீரல் கெட்டதன் அறிகுறியாக இருக்கலாம். சூரியகாந்தி விதையையோ சோற்றையோ மட்டும் உண்டு வளரும் கிளிக்கு உயிர்ச்சத்து ஏ குறைந்து வாயும் மூச்சுக்குழலும் பாதிக்கப்படும். முளைக்கும் இறகுகள் எல்லாம் கோணலாகவும் குட்டையாகவும் இருந்தால், 1970களில் ஆசுத்திரேலியாவில் முதலில் விவரிக்கப்பட்ட அலகு-இறகு நோய் என்ற தீநுண்மி நோயாக இருக்கக்கூடும். 1929, 1930 ஆம் ஆண்டுகளில் தென்னமெரிக்கக் கிளிகளின் வணிகத்தால் பல நாடுகளில் மனிதருக்கும் பரவிய கிளிக்காய்ச்சலை உலகம் மறக்கவில்லை. வேட்டைக்கு இரையாகும் உயிர் என்பதால் கிளி தன் நோயைக் கடைசி வரை மறைக்கும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

அந்தத் திண்ணைக் கிளியிடம் இவற்றில் ஒன்றும் இல்லை. ஆனால் எங்களில் ஒருவர் எடுத்திருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. இரண்டு இறக்கைகளிலும் பறக்க உதவும் நீள் இறகுகள் ஒரே அளவில் நேராக வெட்டப்பட்டிருந்தன. அந்த மூதாட்டி அடுக்கிய குறைகளில் இது மட்டும் இல்லை. அந்த உடலில் இருந்த ஒரே குறை இதுதான்.

சொல்ல வேண்டிய விடை

மீண்டும் குளச்சலுக்குச் சென்றோம். நல்ல செய்தியை முதலில் சொன்னோம். உங்கள் கிளிக்கு ஒரு நோயும் இல்லை, அது பெண்ணாகவோ இளையதாகவோ இருக்கும் என்றோம். மூதாட்டியின் முகம் மலர்ந்தது. "பொட்டப்புள்ளயா நீ" என்று கூண்டுக்குள் விரலை நீட்டினார். அது விரலை மெல்லக் கவ்வி விட்டது.

அடுத்ததைச் சொல்வது கடினமாக இருந்தது. 1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைத்திருப்பதும் குற்றம். 2022 இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளில் இவை இரண்டாம் அட்டவணையில் வைக்கப்பட்டுள்ளன. மூன்று ஆண்டு வரை சிறையும் ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டமும் உண்டு. 2024 ஏப்ரலில் கடலூர்ப் பகுதியில் சோதிடம் பார்ப்பவரிடமிருந்த கிளிகளை வனத்துறையினர் கைப்பற்றியது செய்தித்தாள்களில் வந்தது. நம் இலக்கியமும் கோயிலும் கொண்டாடிய பறவையை வீட்டில் வைத்திருப்பது குற்றமா என்று கேட்கத் தோன்றும். கதிர் கொய்ய வரும் கிளியைத் தினைப்புனத்தில் ஓட்டிய தலைவியும் அதை வானத்துக்குத்தான் ஓட்டினாள் என்பதே எங்கள் விடை.

உடனே திறந்து விட்டுவிடலாமா என்றார் மூதாட்டி. கூடாது என்றோம். இறக்கை வெட்டப்பட்ட கிளி பூனைக்கும் காக்கைக்கும் இரையாகும். ஆனால் வெட்டியது இறகைத்தான், இறக்கையை அன்று. வெட்டுப்பட்ட இறகு உதிர்ந்து புதிய இறகு முளைக்கும். எல்லா இறகும் மாற ஏறத்தாழ ஓராண்டு ஆகலாம். அதுவரை வனத்துறையின் பொறுப்பில் இருந்து, பறக்கப் பழகிய பின் விடுவிக்கப்படுவதே முறை.

அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. 1741 இல் இந்தக் கரையில் தோற்ற டச்சுக்காரர்களின் ஆம்சுடர்டாமில் இன்று செந்தார்ப் பைங்கிளிகள் கூட்டம் கூட்டமாகப் பறக்கின்றன. கூண்டுப் பறவைகளாகப் போய்த் தப்பியவற்றின் வழிவந்தவை அவை. இலண்டனிலும் பிரசெல்சிலும் அப்படியே. பனி விழும் நாட்டில்கூட அது தன் சிறகை நம்பி வாழ்ந்துகொள்கிறது என்று எங்களில் ஒருவர் சொன்னார். மூதாட்டி அதைக் கேட்டாரா என்று தெரியவில்லை.

பிறகு அவர், வனத்துறை அலுவலகம் எங்கே இருக்கிறது என்று பேரனை விசாரிக்கச் சொல்வதாகச் சொன்னார். கூடவே, "புது எறகு மொளைக்கும்னு சொன்னியள்ல, அது நெசந்தானே மக்களே?" என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

நிசம்தான் அம்மா என்றோம். எங்கள் குறிப்பேட்டில் இருந்தவற்றுள் ஐயமில்லாமல் சொல்ல முடிந்த விடை அது.